ஒன்றோடொன்று ஒப்பிட்டு அறிதல்

சம்மாந்துறை வயல்வெளியிலே சிறுபோக வேளாண்மை முற்றிவரும் காலம். ஒரு வரம்பின் இருமருங்கிலும் இரு வயல்கள். ஒன்றிலே கதிர்கள் தலைசாய்ந்து நிற்கின்றன. மற்றொன்றிலே அறக்கொட்டியான் விழுந்து, பயிர் வட்டம் வட்டமாகக் கருகிக் கிடக்கின்றது. வயலுக்குரியவர் தம் விதியை நொந்துகொள்கின்றார். ஆயின், அனுபவம் வாய்ந்த வட்டவிதானை அவ்வளவில் அமைவதில்லை. அவர் வினாக்களைத் தொடுக்கின்றார். விதைத்தது எந்த நெல்? விதைத்த நாள் எது? யூரியா எவ்வளவு இட்டீர்? வயலில் நீர் வடியாது எத்தனை நாள் நின்றது? இதே வினாக்களை அயல் வயலுக்குரியவரிடமும் ஒன்றும் விடாது கேட்கின்றார். இருவரும் ஒரே விடை கூறியவற்றை ஒதுக்கிவிட்டு, விடை வேறுபட்ட இடத்திலே காரணத்தைத் தேடுகின்றார். அதனோடும் நில்லாது, இதே நோய் கண்ட வயல்கள் அடுத்த கண்டத்திலும் உளவோ, அவற்றிடையே பொதுவாக அமைந்தது யாது என்றும் வினவுகின்றார்.

இவ்வட்டவிதானை செய்தது ஓர் ஆராய்ச்சியே ஆகும். ஒரு தனி நிகழ்ச்சியை நுணுகிக் கற்பதை விடய ஆய்வு என்பர். அத்தகைய ஆய்வுகள் பலவற்றை அருகருகே வைத்து, ஒத்தன எவை, ஒவ்வாதன எவை எனப் பிரித்தறிவது ஒப்பீட்டாய்வு. 1843ஆம் ஆண்டிலே ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜோன் ஸ்ருவேட் மில் தமது தருக்க நூலில் இதற்கு இரண்டு வழிகளை வகுத்துக் காட்டினார். விளைவு ஒன்றாயிருக்க, மற்றெல்லாம் வேறுபட்டு ஒரு காரணம் மட்டும் எங்கும் பொதுவாக இருப்பின், அதனைக் கவனிக்க வேண்டும். இஃது ஒற்றுமை வழி. விளைவு வேறாயிருக்க, மற்றெல்லாம் ஒத்து ஒன்று மட்டும் மாறியிருப்பின், அந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது வேற்றுமை வழி. மில்லின் நூலைக் கண்டிராத வட்டவிதானை, அயல் வயலோடு வேற்றுமை வழியையும், அடுத்த கண்டத்தோடு ஒற்றுமை வழியையும் கையாண்டுவிட்டார்.

விடய ஆய்வு எந்த ஒரு கல்வித் துறைக்கும் தனியுரிமையன்று. வைத்தியர் ஒரு நோயாளியின் வரலாற்றை எழுதி வைக்கின்றார். நீதிமன்றம் ஒரு வழக்கின் தீர்ப்பைப் பிந்திய வழக்குக்கு முன்மாதிரியாக்குகின்றது. மானிடவியலாளர் ஒரு கிராமத்திலே தங்கி, அதன் நிலம், உறவு, நீர் ஆகியவற்றை ஆராய்கின்றார். எட்மண்ட் லீச் என்னும் ஆங்கில மானிடவியலாளர் 1954இல் நமது நாட்டின் வட மத்திய மாகாணத்துப் புல் எளிய என்னும் குளக்கிராமத்திலே தங்கி ஆராய்ந்து, 1961இல் வெளியிட்ட நூல் இவ்வகைக்குப் புகழ்பெற்ற உதாரணமாகும்.

எனினும் இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒவ்வொரு துறையும் தன் ஆய்வுகளைத் தன் மொழியிலே எழுதி, தன் அலுமாரியிலே அடுக்கி வைக்கின்றது. ஒரே வாய்க்காலைப் பொறியியலாளர் நீரின் கனவளவாகக் காண்கின்றார். பொருளியலாளர் செலவும் வரவுமாகக் காண்கின்றார். மானிடவியலாளர் குடியும் உறவுமாகக் காண்கின்றார். வரலாற்றாசிரியர் பழைய உறுதிகளாகக் காண்கின்றார். ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பது அரிது. ஆகவே, பத்து ஊர்களிலே பத்துப்பேர் கண்டறிந்த உண்மை ஓரிடத்திலே ஒன்றுசேராது சிதறிக் கிடக்கின்றது. சிதறிக் கிடந்த அவ்வுண்மைகளை ஒருவர் திரட்டிய வரலாறே ஈண்டுக் கூறப்படுவது. அது நமது கல்லோயாக் கரையையும் தொட்டுச் சென்ற வரலாறு.

1968ஆம் ஆண்டிலே கரெற் ஹார்டின் என்னும் அமெரிக்க உயிரியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். எல்லார்க்கும் பொதுவான ஒரு மேய்ச்சல் நிலத்தைக் கற்பனை செய்க என்றார் அவர். ஒவ்வோர் இடையனும் இன்னும் ஒரு மாட்டைச் சேர்க்கின்றான். அதனால் வரும் இலாபம் அவனுக்கே உரியது; புல் அழியும் நட்டமோ எல்லார்க்கும் பங்காகின்றது. ஆகவே, எவனும் தன்னை அடக்கிக்கொள்ளான். ஈற்றில் நிலம் பாழாகும். இதனைத் தவிர்க்க ஒன்றில் அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டும், அன்றேல் நிலத்தைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அக்கட்டுரையிலிருந்து பலர் கொண்ட முடிபு. இக்கருத்து உலகெங்கும் பரவியது. காடு, குளம், கடல் ஆகியவற்றைப் பற்றிய அரசாங்கக் கொள்கைகள் பல இதனைத் தழுவின. ஆயின் ஹார்டின் காட்டிய மேய்ச்சல் நிலம் உண்மையான ஓர் ஊரின் நிலமன்று. உண்மையான ஊர்கள் பலவற்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னர் எழுந்த முடிபுமன்று.

அவ்வாறு ஒப்பிட்டுப் பார்த்தவர் எலினோர் ஒஸ்ட்ரம் என்னும் அம்மையார். அரசறிவியல் கற்றவர், அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராக விளங்கியவர். தென் கலிபோர்னியாவிலே கடல்நீர் புகுந்து கெடவிருந்த நிலத்தடி நீரை, அதனைப் பயன்படுத்துவோரே கூடிப் பேணிய வரலாற்றை 1965இல் தம் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்தவர். தாம் கண்டது ஓரிடத்துப் புதுமையா, உலகத்து இயல்பா என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. 1980களில் அவரும் உடன் ஆய்வாளரும் இவ்வகை ஆய்வுகளைத் தேடத் தொடங்கினர். அவை பல ஆயிரமாகக் குவிந்தன. மீன்பிடியைப் பற்றி ஒருவர், மலை மேய்ச்சலைப் பற்றி ஒருவர், காட்டைப் பற்றி ஒருவர், வாய்க்காலைப் பற்றி ஒருவர் எனப் பலர் எழுதி வைத்திருந்தனர். ஆயினும் ஒருவரையொருவர் அறிந்திருந்தோர் சிலரே.

திரட்டினால் மட்டும் போதுமா? போதாது. வட்டவிதானை இரு வயலாரிடமும் ஒரே வினாவைக் கேட்டது போலவே, எல்லா ஆய்வுகளிடமும் ஒரே வினாக்களைக் கேட்க வேண்டியிருந்தது. பொதுச் சொத்தைப் பயன்படுத்த உரியவர் யாவர்? விதியை இயற்றியவர் யார்? மீறுவோரைக் கண்காணிப்பவர் யார்? தண்டம் எவ்வளவு? பிணக்கு எழுந்தால் எங்கே தீர்க்கின்றனர்? இவ்வாறு ஒரு வினாக்கொத்தை வகுத்து, ஒவ்வோர் ஆய்விலும் விடையைத் தேடிக் குறித்தனர். ஆய்வுகள் பலவற்றிலே போதிய விடை அகப்படவில்லை. எழுதியவர் தம் துறைக்கு வேண்டியதை எழுதினாரே அன்றி, பிறிதொரு துறையார் கேட்கக்கூடியதை எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே, திரண்ட குவியலிலே பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, விவரம் நிறைந்த சிலவற்றையே துணையாகக் கொண்டனர். பரந்து திரட்டுக, ஆயின் விவரமுள்ளதை மட்டும் நம்புக என்பது இம்முறையின் முதற் பாடம்.

அவ்வாறு தேர்ந்தவற்றுட் சிலவற்றை நோக்குவோம். சுவிற்சர்லாந்தின் மலைக் கிராமமான தோர்பெல்லை ஆராய்ந்தவர் றொபேட் நெற்றிங் என்னும் மானிடவியலாளர். மாரிகாலத்திலே தன் சொந்தத் தீனியைக்கொண்டு எத்தனை பசுக்களை ஒருவன் காப்பாற்ற வல்லவனோ, அத்தனை பசுக்களை மட்டுமே கோடையிலே பொதுமலைக்கு அனுப்பலாம் என அங்கே 1517ஆம் ஆண்டிலேயே விதி செய்தனர். ஸ்பெயின் நாட்டின் வலன்சியாவிலே வாய்க்கால்காரரின் நீர்மன்றம் வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலிலே கூடி, வழக்குகளை வாய்மொழியாகவே கேட்டுத் தீர்க்கின்றது. பிலிப்பைன் நாட்டின் இலோக்கோஸ் பகுதியிலே, கூட்டாக வாய்க்கால் வெட்டியவர்கள் வயலைப் பங்கிட்டபோது, ஒவ்வொருவருக்கும் தலைப்பிலும் நடுவிலும் கடையிலும் சிறுசிறு துண்டுகள் வருமாறு பங்கிட்டனர். நீர் குறைந்தால் கடைப்பகுதி முழுவதையும் விதையாது விடுவர். நட்டம் எல்லார்க்கும் சமமாகும்.

இலோக்கோஸ் வழக்கத்தைக் கேட்கும் இலங்கையர் எவருக்கும் உடனே நினைவுக்கு வருவது நம் நாட்டுக் குளக்கிராமங்களின் பெத்ம முறையாகும். நீர் குறைந்த போகத்திலே குளத்துக்கு அண்மையிலுள்ள வயலை மட்டும் விதைத்து, அதனையே கிராமத்தார் அனைவரும் தத்தம் பங்குக்கேற்பப் பகிர்ந்துகொள்வது அது. கடல் கடந்த இரு நாடுகளின் உழவர் ஒருவரையொருவர் கேட்டறியாது ஒத்த விதியைக் கண்டடைந்தனர் என்றால், அவ்விதியிலே ஊர்வழக்கத்தினும் ஆழமான ஒரு நியாயம் உண்டு என்பது பெறப்படும். நீரின் கடைசியில் இருப்பவனையும் தலைப்பில் இருப்பவனையும் ஒரே நட்டத்துக்குப் பங்காளியாக்கினாலன்றி ஒற்றுமை நில்லாது என்பதே அந்த நியாயம். ஒற்றுமை வழி தரும் பயன் இத்தகையது.

இனி, வேற்றுமை வழியின் பயனைக் காட்டக் கடற்கரைக்குச் செல்வோம். துருக்கி நாட்டின் அலன்யா என்னும் துறையை முதலில் நோக்குவோம். யார் யார் உரியவர் எனப் பட்டியல் எழுதினர். வலை போடும் இடங்களுக்கும் பெயர் வைத்தனர். செப்ரெம்பர் மாதத்திலே சீட்டுப்போட்டு இடத்தைப் பெற்றவர், நாள்தோறும் ஓரிடம் கிழக்கே நகர்வார். ஜனவரிக்குப் பின் மேற்கே நகர்வார். நல்ல இடமும் தீய இடமும் எல்லார்க்கும் முறையே வந்துசேரும். இதனை ஆராய்ந்து எழுதியவர் பிக்ரெற் பேர்க்கெஸ். நமது தென்கரையின் மாவெல்ல என்னும் ஊரிலே கரைவலைக்காரரை ஆராய்ந்தவர் மானிடவியலாளர் போல் அலெக்சாந்தர். அங்கும் முறைவைப்பு இருந்தது. ஒவ்வொரு வலைக்கும் நல்ல வேளையும் நல்ல இடமும் மாறிமாறிக் கிடைத்தன. கல்முனைக் கரையிலே கரைவலை இழுப்போருக்கு இவ்வழக்கத்தின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் மாவெல்லவிலே வலைகள் பெருகிக்கொண்டே சென்றன. முறை வரும்வரை காத்திருக்கும் காலம் நீண்டது. வலை ஒன்றுக்குக் கிடைக்கும் வருவாய் சுருங்கியது.

முறைவைப்பு இரண்டிடத்தும் உண்டு. ஓரிடம் நிலைத்தது, மற்றையது தளர்ந்தது. வேறுபட்டவற்றுள் முதன்மையானது எல்லை. அலன்யாவிலே உரியவர் யாவர் என்பது வரையறுக்கப்பட்டது. மாவெல்லவிலே புதிய வலைகளின் வரவைத் தடுக்க இயலவில்லை. அலன்யாவை மட்டும் கண்டவர் முறைவைப்பே போதும் என்று கூறியிருப்பார். மாவெல்லவை மட்டும் கண்டவர் முறைவைப்பு வீண் என்று கூறியிருப்பார். இரண்டையும் கண்டவரே, எல்லையின்றி முறைவைப்பு நிலையாது என்னும் உண்மையைக் கண்டார். வெற்றிகளை மட்டும் திரட்டுவது ஆராய்ச்சியாகாது. தோல்விகளையும் அதே வினாக்களோடு அணுகவேண்டும் என்பது இரண்டாம் பாடம்.

1990இல் ஒஸ்ட்ரம் அம்மையார் தம் நூலை வெளியிட்டார். நெடுங்காலம் நிலைத்த அமைப்புகளிலே பொதுவாகக் காணப்பட்ட எட்டு அடிப்படைகளை அதிலே எடுத்துரைத்தார். உரியவருக்கும் பொருளுக்கும் தெளிவான எல்லை. இடத்துக்கு இசைந்த விதி. விதியை மாற்றுவதிலே பயன்படுத்துவோருக்குப் பங்கு. அவர்களுக்குப் பொறுப்புக் கூறும் கண்காணிப்பு. குற்றத்தின் அளவுக்கேற்பப் படிப்படியாக ஏறும் தண்டம். பிணக்கை விரைவிலும் மலிவிலும் தீர்க்கும் மன்று. அவ்வமைப்பை அரசாங்கம் மறுக்காது ஏற்றல். பெரிய அமைப்பாயின் சிறு குழு, நடுக்குழு, பெருங்குழு எனப் படிநிலையாக அமைதல். 2009இல் இவ்வம்மையாருக்குப் பொருளியலுக்கான நோபற் பரிசு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி இவரே. 2012இல் மறைந்தார்.

அவருடைய நூலிலே இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று நமது அயலாகிய கல்லோயா. முன்னாளில் பட்டிப்பளை ஆறு என வழங்கிய இந்நதியை மறித்து, இங்கினியாகலவிலே சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெருந்தேக்கத்தை அமைக்கும் வேலை 1949இல் தொடங்கியது. மேற்பகுதியிலே புதிதாகக் குடியேற்றப்பட்ட சிங்கள விவசாயிகள். கீழ்ப்பகுதியிலே, கடலை அண்மிய பழைய வயல்களிலே, தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும். நீர் மேலிருந்து கீழே வருவதாதலின், தலைப்பிலுள்ளோர் மிகுதியாக எடுத்தால் கடைமடையார் வெறும் வாய்க்காலைக் காண்பர். அவ்விரு சாராரும் வெவ்வேறு மொழி பேசுவோராயின், நீர்ப் பிணக்கு இனப் பிணக்காகவும் மாறலாம். 1956இல் கல்லோயாப் பள்ளத்தாக்கிலே நிகழ்ந்த வன்செயலின் வடு நீங்காத நிலம் இது.

1980களின் தொடக்கத்திலே இடதுகரைப் பகுதியைச் சீர்திருத்தும் முயற்சி தொடங்கியபோது, மதகுகள் பல உடைந்து கிடந்தன. கமநல ஆராய்ச்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு வழியை மேற்கொண்டன. 1981இல் இளம் பட்டதாரிகள் சிலர் அமைப்பாளராக விவசாயிகளிடையே சென்று வாழ்ந்தனர். அவர்கள் சங்கத்தையும் யாப்பையும் முதலில் வகுக்கவில்லை. ஒரு வயல் வாய்க்காலின் நீரை நம்பியிருக்கும் பத்து இருபது பேரை ஒன்றுகூட்டி, வாய்க்காலைத் துப்புரவு செய்யவும், முறைவைத்து நீர் பாய்ச்சவும், மிஞ்சிய நீரைக் கீழே விடவும் தூண்டினர். வேலை முதலில் நடந்தது. அமைப்பு பின்னரே பிறந்தது. வயல் வாய்க்கால் குழுக்களின் பிரதிநிதிகள் கிளை வாய்க்கால் அமைப்பிலும், அவற்றின் பிரதிநிதிகள் பிரதேச சபையிலும், அதற்கு மேலே திட்டக் குழுவிலும் அமர்ந்தனர்.

இம்முயற்சியை நேரிற் கண்டு எழுதியவர் கோர்ணெல் பல்கலைக்கழக அரசறிவியலாளர் நோர்மன் அப்ஹொவ். அவரது நூல் 1992இல் வெளிவந்தது. ஒஸ்ட்ரம் அம்மையார் தம் அளவுகோலைக் கல்லோயாவிலே வைத்துப் பார்த்தபோது, நம்பிக்கை உண்டு, ஆயின் அமைப்பு இன்னும் நொய்ம்மையானது என மதிப்பிட்டார். விவசாயக் குழுக்களின் உரிமை சட்டத்தால் உறுதிபெறவில்லை. அமைப்பாளர்களுக்கு நிரந்தர உத்தியோகமும் இல்லை. நிரந்தர வேலை கிடைத்தவுடன் பலர் விலகிச் சென்றனர். வேறு நாடுகளின் பட்டியலோடு ஒப்பிட்டதனாலேயே, அயலில் நின்று காணமுடியாத இக்குறை வெளிப்பட்டது.

எனினும் வரலாறு அங்கே முடியவில்லை. 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்திலே தேக்கத்து நீர் நெற்செய்கைக்குப் போதாது என நீர்ப்பாசன அதிகாரிகள் அறிவித்திருந்தனர். விவசாய அமைப்புகள் தாமே முன்னின்று நீரை முறைவைத்துப் பகிர்ந்தன. இடதுகரையின் 65,000 ஏக்கரிலும் வேளாண்மை செய்யப்பட்டது. விளைச்சலும் வழக்கத்தினும் குறையவில்லை. தலைப்பிலிருந்த சிங்கள விவசாயிகள் கடைமடையின் தமிழ் பேசும் விவசாயிகளுக்கு நீரை விட்டுக்கொடுத்தனர் என்பதை அப்ஹொவும் அவருடன் உழைத்த விஜயரத்னவும் 2000ஆம் ஆண்டிலே எழுதினர். நாட்டிலே போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது என்பதை நினைக்கும்போது, இந்நிகழ்ச்சியின் பெருமை விளங்கும்.

ஒப்பீடு நம் முன்முடிபுகளையும் கலைக்கவல்லது. நீர் நிறைந்த ஊரார் வளமுள்ளவர், ஆகவே ஒற்றுமையாகக் கூடித் தொழிற்படுவர் என ஒருவர் எண்ணலாம். ஆந்திர நாட்டின் கர்நூல் மாவட்டத்திலே முப்பதுக்கும் மேற்பட்ட வாய்க்கால் கிராமங்களை ஒப்பிட்ட றொபேட் வேட், 1988இல் வெளியிட்ட நூலிலே இதற்கு மாறானதைக் காட்டினார். நீரைப் பங்கிடப் பொதுக் காவலாளரை நியமித்து, பொது நிதியும் திரட்டி வாழ்ந்த கிராமங்கள் பெரும்பாலும் வாய்க்காலின் கடைப்பகுதியில் இருந்தவையே. தட்டுப்பாடும் பயிர் அழியும் ஆபத்தும் மிகுந்த இடத்திலேயே கூடித் தொழிற்படும் தேவை பிறந்தது. ஒரே கிராமத்தை ஆராய்ந்திருந்தால், அவ்வூராரின் நற்குணமே காரணம் என்று எழுதியிருப்பார்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. நெடுங்காலம் நிலைத்த ஊரைப் பற்றியே எழுத்துச் சான்று மிகுதியாகக் கிடைக்கும். சிதைந்துபோன ஊர் ஏடின்றி மறையும். ஆகவே, திரட்டும்போதே தராசு ஒரு பக்கம் சாயலாம். மேலும், ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு துறையும் வெவ்வேறு பொருள் கொள்வதுண்டு. பொறியியலாளர் பராமரிப்பு என்பதும் விவசாயி பராமரிப்பு என்பதும் ஒன்றல்ல. இவற்றுக்கு மருந்து, ஒருவர் கண்ட முடிபைப் பிறர் புதிய ஆய்வுகளைக்கொண்டு மீண்டும் சோதிப்பதே. 2010இல் மைக்கல் கொக்ஸ் முதலிய மூவர் 91 ஆய்வுகளை எடுத்து, எட்டு அடிப்படைகளையும் சோதித்தனர். அவை பெரிதும் நிலைபெற்றன. சிலவற்றை இரண்டாகப் பிரித்துத் தெளிவாக்கவேண்டியிருந்தது.

யாவற்றினும் பெரிய ஆபத்து, ஒப்பீட்டின் முடிபை வைத்தியச் சீட்டாக மாற்றி எல்லா ஊருக்கும் ஒரே மருந்தாகக் கொடுப்பதாகும். தோர்பெல்லின் மாட்டுக் கணக்கு சம்மாந்துறைக்கு உதவாது. வலன்சியாவின் வியாழக்கிழமையும் உதவாது. எல்லா நோய்க்கும் ஒரு மருந்தைத் தேடுவதை ஒஸ்ட்ரம் அம்மையாரே கண்டித்தார். ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு எடுத்துச் செல்லத்தக்கது விதியன்று. அவ்விதியை ஆராய உதவிய வினாவே. எமது வாய்க்காலிலே உரியவர் யாவர், விதியை இயற்றுபவர் யார், மீறினால் என்ன நடக்கும் என்னும் வினாக்களை எவ்வூரும் கேட்கலாம். விடையை அவ்வவ்வூரே காணவேண்டும்.

சம்மாந்துறையிலே அத்தகைய வினாக்களைத் தொடங்குவதற்குப் பொருள் நிறைய உண்டு. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்துக்கு முன்னர் நீர் எவ்வாறு பங்கிடப்பட்டது, பின்னர் எவ்வாறு மாறியது என்பதை அறிந்த குடும்பங்கள் உள்ளன. ஒவ்வொரு கண்டத்துக்கும் தனி வழக்கம் உண்டு. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இவ்வூரிலேயே அமைந்திருக்கின்றது. அங்கு நீரை அளக்கும் மாணவரும், ஒலுவிலிலே சமூகத்தை ஆராயும் மாணவரும், வட்டவிதானைமாரும் ஒரே வினாக்கொத்தைக் கையிலேந்தி, தலைப்புக் கண்டத்தையும் கடைக் கண்டத்தையும், நீர் நிறைந்த போகத்தையும் நீர் குறைந்த போகத்தையும் எழுதி வைப்பாராயின், அடுத்த வறட்சி வரும்போது ஆரம்பக் கூட்டத்திலே பேசப்படுவது வெறும் நினைவாக இராது. ஒப்பிட்டு அறிந்த உண்மையாக இருக்கும்.

அதுவரை, கடைமடையிலே மண்வெட்டியுடன் நிற்கும் விவசாயிக்கு, நீர் இன்று வராததன் காரணம் வானமா, மதகா, மேலே இருக்கும் மனிதரா என்பது தெரியாது. காரணம் தெரியாதவன் அயலவனைச் சந்தேகிப்பான். தெரிந்தவனோ அவனிடம் சென்று பேசத் தொடங்குவான்.